எட்டு வருஷம், ஒரே கீசர், மடிப்பாக்கம் போர் தண்ணி

2017 நவம்பர்ல வாங்கினோம். 15 லிட்டர், 2000 வாட்ஸ், உள்ள எனாமல் பூசின ஸ்டீல் டேங்க். சென்னையில எதுக்கு கீசர்னு கேக்குறவங்க நிறைய பேர், எங்க வீட்ல அத்தைக்கு முழங்கால் வலி, சித்திரை வெயில்லயும் வெந்நீர் ஊத்தினா தான் காலை மடக்க வரும், அதனால வருஷம் பூரா ஓடுற மெஷின் இது. எட்டு வருஷத்துல மூணு தடவை மக்கர் பண்ணிச்சு. மூணு தடவையும் வந்து பாத்தவங்க முதல்ல சொன்னது "புதுசு வாங்கிடுங்க". இன்னும் வாங்கல, அதே கீசர் தான் ஓடுது. பாதிக்கு மேல பிரச்சனை மெஷின்ல இல்ல, எங்க தண்ணியிலயும் வயரிங்லயும் இருந்துச்சு, அத முழுசா எழுதணும்னு தான் உக்காந்தேன்.

முதல் தடவை சின்ன விஷயம். 2020 மார்கழியில ஒரு நாள் கீசரோட லைட்டே எரியல. கீசரத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்க உருவிப் பாருங்க, எங்களுக்கு அதுல ஒரு பின் கருகி, பாயின்ட்டோட பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 230 வோல்ட்ல 2000 வாட்ஸ்னா 8.7 ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும், அதுவும் நிறுத்தாம இருபது நிமிஷம். உள்ள பின்னை பிடிக்கிற பித்தளை கொஞ்சம் லூஸ் ஆனாலும் அந்த இடம் சூடாகி, சூடானதால இன்னும் லூஸாகி, கடைசியில கருகிடும். புது 16 ஆம்ப் பாயின்ட், புது பிளக், முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

ரெண்டாவது தடவைய இன்னிக்கு நினைச்சாலும் வயித்த கலக்குது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவுல முழங்கால் அளவு தண்ணி, கரண்ட் வர மூணு நாள் ஆச்சு. வந்த மறுநாள் காலைல அத்தை குளிச்சிட்டு வந்து "குழாயில கை வச்சா சுருக்குன்னு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா"ன்னாங்க. மூணு நாள் கழிச்சு குளிக்கிறாங்க, குளிர்ல உடம்பு அப்படி இருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த நாளும் அதையே சொன்னப்போ தான் எனக்கு திக்குனு ஆச்சு. செருப்பு போட்டுகிட்டு கீசர் ஆன்ல இருக்கும்போதே குழாயில டெஸ்டர் வச்சேன், எரியுது. ஓடிப் போய் மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

அவர் வந்து கழட்டினப்போ ரெண்டு தப்பு தெரிஞ்சுது. ஒண்ணு காயில். அது செப்புக் குழாய், நடுவுல சூடாகுற கம்பி, அந்தக் கம்பி குழாயத் தொடாம இருக்க ரெண்டுக்கும் நடுவுல மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் அடைச்சிருப்பாங்க. எங்க குழாயில பொடி ஓட்டை விழுந்து பவுடர் ஈரமாயிடுச்சு, அது வழியா கரண்ட் தண்ணிக்கும் பாடிக்கும் கசிஞ்சிருக்கு. ரெண்டாவது, பாத்ரூம் பாயின்ட்டுக்கு உள்ள எர்த் வயர் துருப்பிடிச்சு கழண்டு தொங்குது. எர்த் ஒழுங்கா இருந்திருந்தா அந்தக் கசிவு அது வழியா போயிருக்கும். காயில் மட்டும் போயிருந்தா, இல்ல எர்த் மட்டும் போயிருந்தா, இந்த அளவுக்கு ஆகியிருக்காது. ரெண்டும் ஒண்ணா சேர்ந்ததால தான் அத்தை கைக்கு வந்துச்சு.

மெயின் பாக்ஸ்ல தானா விழுற சுவிட்ச், எம்சிபி இருக்கே, ஏன் டிரிப் ஆகலன்னு கேட்டேன். "அது ஷார்ட் ஆனாலோ லோடு ஏறினாலோ தான்மா விழும், ஆளுக்கு ஷாக் அடிக்கிறது அதுக்கு தெரியாது"ன்னார். அது தெரிஞ்சு விழுறது ஆர்சிசிபி, போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். எங்க பில்டிங் பழசு, யார் வீட்லயும் அது இல்ல. அன்னிக்கு சாயங்காலமே போட்டோம், 2400 ஆச்சு, கீசர் ரிப்பேர விட அதிகம். இதப் படிக்கிறவங்க வேற எதையும் செய்யலன்னாலும் பரவாயில்ல, தயவு செஞ்சு உங்க மெயின் பாக்ஸ்ல டெஸ்ட்னு எழுதின சின்ன பட்டன் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, இருந்தா அத அழுத்தி விழுதான்னும் பாருங்க.

சரி, காயில் ஏன் ஓட்டையாச்சு? டேங்க்கோட அடி மூடிய கழட்டினதும் கொட்டுச்சு பாருங்க, நொறுக்கின முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெள்ளையா ரெண்டு கைப்பிடிக்கு மேல. முட்டை ஓடும் இதுவும் உண்மையிலயே ஒரே பொருள் தான், கால்சியம் கார்பனேட். போர் தண்ணியில கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாம இருக்குறது, சூடு பட்டதும் கல்லா பிரிஞ்சு காயில் மேல ஒட்டுது. ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் பேனா எங்க போர் தண்ணியில 1400 காட்டும், குடிக்கிற தண்ணிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சொல்றது 500, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்.

உப்பு படிஞ்சா தண்ணி சூடாக லேட் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் அப்படி தான் நம்பிட்டு இருந்தேன், ஆனா காயில் இழுக்குற கரண்ட் அதே தான், அந்த சூடு எப்படியும் தண்ணிக்கு தான் போயாகணும். வித்தியாசம் என்னன்னா மேல கல் மூடிட்டதால காயிலோட தோல் ரொம்ப அதிகமா காயுது, அப்படி காஞ்சு காஞ்சு தான் வெடிக்குது. முன்கூட்டியே தெரியணும்னா காது குடுத்து கேக்கணும், எங்க கீசர் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அரிசி பொரியுற மாதிரி சடசடன்னு சத்தம் போட்டுச்சு. லேட் ஆகுதுன்னா வோல்டேஜப் பாருங்க. 15 லிட்டர் தண்ணி 25 டிகிரியில இருந்து 60க்கு போக கணக்குப்படி 18 நிமிஷம், 200 வோல்ட் தான் வருதுன்னா அதுவே 24 ஆயிடும்.

அதே மூடியில இன்னொரு கம்பி இருக்கும், ஆனோடு ராடு, மெக்னீசியத்துல செஞ்சது. டேங்க் இரும்ப அரிக்க வேண்டியதெல்லாம் அத அரிக்கும், அது கரையுற வரைக்கும் டேங்க் பிழைக்கும். ஆறு வருஷத்துல இப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னு எங்க கிட்ட யாருமே சொல்லல. வெளிய எடுத்தப்போ நடுவுல இருக்குற கம்பி மட்டும் தான் மிச்சம், தடவிப் பாத்தா நூல் மாதிரி. நல்லவேளை டேங்க் ஒழுகல, ஒழுக ஆரம்பிச்சிருந்தா அதுக்கு வைத்தியம் கிடையாது, அப்போ புதுசு தான். காயில், ஆனோடு, அடி ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 1900. கடைக்குப் போறப்போ பழைய காயில கையோட எடுத்துட்டுப் போங்க, மூடியில போல்ட் மாட்டுற ஓட்டை எண்ணிக்கை ஒவ்வொரு மாடலுக்கும் மாறுது.

மூணாவது 2025 ஜனவரி, பொங்கலுக்கு முன்னாடி. பவர் வருது, சூடாகல. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின மல்டிமீட்டர் கையில இருந்ததால, எம்சிபிய ஆஃப் பண்ணி பிளக்கையும் உருவிட்டு, காயில் வயர கழட்டி ரெண்டு முனையிலயும் வச்சேன், 26 ஓம்ஸ். 2000 வாட்ஸ் காயிலுக்கு அது தான் சரியான கணக்கு, செத்துப் போன காயில்னா ஒண்ணுமே காட்டாது. பாடிக்கும் முனைக்கும் நடுவுல வச்சேன், அங்க ஒண்ணும் காட்டல, காட்டவும் கூடாது. ஆனா ஈரக் கசிவு சாதா மீட்டர்ல தப்பிச்சிடும், அதுக்கு அதிக வோல்டேஜ் குடுத்து கசிவப் பாக்குற மெக்கர் மீட்டர் வேணும், சந்தேகம்னா எலக்ட்ரீஷியன கூப்பிட்டுடுங்க. காயில் நல்லா இருக்கு, அப்போ சூடு மீறினா கரண்ட நிறுத்துற கட்அவுட் தான் விழுந்திருக்கு. சின்ன சிவப்பு பட்டன், அழுத்தினதும் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

நாலு நாள்ல மறுபடியும் விழுந்துச்சு. சர்வீஸுக்கு வந்த தம்பி "அப்பப்போ அழுத்திக்கோங்க மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னுட்டு போயிட்டார். அது எனக்கு மனசுக்கு ஒப்பல. தண்ணி அளவுக்கு மீறி சூடானா தான் அந்த பட்டன் விழும், யோசிச்சுப் பாத்தா அந்த வாரம் பூரா குழாயத் திறந்தா ஆவி அடிச்சுட்டு தான் வந்துச்சு. வச்ச அளவு சூடு வந்ததும் கரண்ட கட் பண்ண வேண்டிய தெர்மோஸ்டாட் உள்ள ஒட்டிக்கிட்டு கட் ஆகாம இருந்திருக்கு. 450 ரூபாய்க்கு புதுசு மாத்தினோம், பட்டன் அதுக்கப்புறம் விழவே இல்ல. இப்போ 55 டிகிரியில தான் வச்சிருக்கோம், சூடு ஏற ஏற உப்பும் ஜாஸ்தியா பிரியும்.

சேஃப்டி வால்வு பத்தியும் சொல்லிடுறேன். சூடாகும்போது அதுல சொட்டுச் சொட்டா தண்ணி வரும், ரிப்பேர்னு நினைச்சு ஒரு பிளம்பர் எங்க வீட்டு வால்வுல டம்மி போட்டு அடைச்சுட்டுப் போயிட்டார், எலக்ட்ரீஷியன் அண்ணன் பாத்துட்டு கோவத்துல கையோட பிடுங்கிப் போட்டார். 15 லிட்டர் தண்ணி சூடானா கிட்டத்தட்ட ஒரு டம்ளர் அளவு விரியும், அந்த தண்ணிக்கு வெளிய போக வழி வேணும், அடைச்சா டேங்க் தான் தாங்கணும். ஒழுகறது கஷ்டமா இருந்தா ஒரு டியூப் மாட்டி கீழ விடுங்க.

அதே மாதிரி மாடி டேங்க் காலியாகி லாரி வந்து ஏத்தின அன்னிக்கு, வெந்நீர் குழாயத் திறந்து தண்ணி விட்டு விட்டு வராம சீரா வர்ற வரைக்கும் சுவிட்ச் போடாதீங்க, தண்ணி இல்லாம காஞ்சா காயில் சீக்கிரமே போயிடும்.

இப்போ வருஷா வருஷம் ஐப்பசியில கழட்டி கழுவுறோம், காயில மட்டும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்ச தண்ணியில ஒரு ராத்திரி ஊற வைப்பேன், காலைல கல் தானா உதிரும். இந்த வருஷம் கழட்டினப்போ ஒரு கைப்பிடி கூட இல்ல, ஆனோடு பாதி மிச்சம். அடுத்ததுக்கு இப்பவே ஒண்ணு வாங்கி அலமாரியில வச்சாச்சு. அத்தை குளிக்கப் போறப்போ இன்னிக்கும் புறங்கைய குழாயில லேசா வச்சு பாத்துட்டு தான் திறக்குறாங்க.