1,85,000 ரூபாய் போச்சு: பழைய பெட்ரோல் கார்பெட் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சோபா, கார்பெட் கழுவிக் கொடுக்கும் தொழில். நானும் இரண்டு பையன்களும்தான். கார்பெட்டில் வெந்நீர் அடித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சி எடுக்கிற, மின்சாரத்தில் ஓடும் சின்ன மெஷின் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வீடுகளுக்கு அது போதும். மாசி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய லாட்ஜ், மாடி மண்டபம் என்று போனால்தான் சிக்கல். 15 ஆம்பியர் பிளக்கில் 3,450 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. உறிஞ்சும் மோட்டாரையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும். லாட்ஜ்காரர் வந்து சத்தம் போடுவார். வேனிலேயே பொருத்திய பெரிய மெஷினை அந்தச் சந்துக்குள் கொண்டுபோகவும் முடியாது. அதனால்தான் பெட்ரோல் என்ஜின் வைத்த, தள்ளிக்கொண்டு போகிற மெஷின் தேடினேன். மெஷினைக் கீழே வாசலில் நிறுத்திவிட்டு ஹோஸை மட்டும் மாடிக்கு ஏற்றினால் கரண்ட் கேட்கவே வேண்டாம்.

பழைய எந்திரங்கள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று பச்சைக் குறி வேறு. விலை 1,85,000.

நான் நம்பின இடத்தைச் சொல்கிறேன். போனில் அவரே, "அண்ணே, அட்வான்ஸ் எல்லாம் அனுப்பாதீங்க. நேர்ல வந்து ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் குடுங்க" என்றார். ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா என்று நினைத்தேன். வெளியூரில் அவர் கிடங்குக்குப் போனேன். தன் அம்மாவுக்கு மேலூர் என்றார், டீ வாங்கிக் கொடுத்தார், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பிறகு என்ஜினை இழுத்து ஓடவிட்டு, பதினைந்தடி ஹோஸின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். உறிஞ்சலை அளக்கும் கேஜில் முள் 12 இஞ்சுக்கு ஏறியது. "பாதரச இஞ்ச் அண்ணே, தண்ணி இஞ்ச் இல்ல" என்றார். அது சரியான பேச்சுதான். பாதரசத்தில் 1 இஞ்ச் என்றால் தண்ணீர்க் கணக்கில் 13.6. நிறையப் பேர் தண்ணீர்க் கணக்கில் 150 என்று போட்டு மிரட்டுவார்கள், பாதரசத்தில் அது 11 தான். இவர் அதை விளக்கிச் சொன்னதும் விஷயம் தெரிந்த ஆள் என்று முழுசாக நம்பிவிட்டேன். சீட்டுப் பணம் 1,20,000, வீட்டில் நகையை அடகு வைத்தது 65,000. மொத்தத்தையும் அங்கேயே நின்று வங்கியில் போட்டுவிட்டேன். அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். கீழே பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று இருந்ததை ஊருக்கு வந்தபிறகுதான் படித்தேன்.

முதல் வேலையே மூன்றாம் மாடி மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம். படிக்கட்டைச் சுற்றி 120 அடி ஹோஸ் ஏற்றினோம். வெந்நீர் போய்ச் சேர்ந்தது, உறிஞ்சல் சேரவில்லை. போட்ட தண்ணீரில் பாதிகூடத் திரும்பவில்லை. கார்பெட்டை மிதித்தால் சளக் சளக் என்கிறது. முக்கால் மணி நேரத்தில் என்ஜின் சூடாகி நின்றது. ராத்திரி இரண்டு மணி வரை துண்டு போட்டு ஒற்றி எடுத்தோம், நான்கு ஃபேன் வைத்தோம். அடியில் சணல் வைத்த கார்பெட் அது, ஈரம் நின்றால் கறை மேலே ஏறும். காலையில் மேடைக்கு முன்னாலேயே டீ கொட்டின மாதிரி பழுப்பு. பெண் வீட்டுக்காரர்கள் முன்னால் மண்டபக்காரர் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. கூலியும் இல்லை.

செல்லூரில் ஜெனரேட்டர், பம்ப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் தம்பி இத உன் தலையில கட்டுனது?" என்றார். உறிஞ்சலைக் கொடுக்கிற ப்ளோயரின் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது, அதாவது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தொட்டி நிறைந்தால் உறிஞ்சலை அடைக்கிற மிதவையே இல்லை. உள்ளே உருளைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தன. அதை மறைக்க, என்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற கவர்னர் ஸ்பிரிங்கைக் கம்பியால் இழுத்துக் கட்டி என்ஜினை அதிக வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி சின்ன என்ஜினுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 3,600 சுற்றுதான் கணக்கு. உறிஞ்சல் அளவு மீறினால் வெளிக்காற்றை உள்ளே விடுகிற ரிலீஃப் வால்வையும் இறுக்கி மூடியிருந்தார்கள். வாயைப் பொத்தினால் முள் ஏறத்தான் செய்யும். ஆனால் நமக்கு வேண்டியது ஓடுகிற காற்று. 120 அடி ஹோஸில் அந்தக் காற்று வராது.

போன் போட்டேன். முதல் நாள், "ஹோஸ்ல அடைப்பு இருக்கும், பாருங்கண்ணே." அடுத்த நாள், "பையன் கிளம்பிட்டான்." பையன் வரவே இல்லை. அப்புறம், "மாடியிலயே மெஷின வெச்சு ஓட்டுங்க, ஜன்னலத் திறந்து வெச்சா போதும்." ஐயா, பெட்ரோல் என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும். என் பையன்கள் இரண்டு பேர் அந்த அறையில் நிற்பார்கள். 1,85,000 ரூபாயை விட இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு என் நம்பரை எடுப்பதில்லை. மனைவி போனிலிருந்து அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "பழசுக்கு ஏதுண்ணே கேரண்டி? தொழிலுக்கு வாங்குனது, கேஸும் நிக்காது" என்று வைத்துவிட்டார். செயலிக்காரர்களோ நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம் என்று ஒரே பதிலை நான்கு தடவை அனுப்பினார்கள். அப்புறம் அந்தப் பச்சைக் குறி எதற்கு?

கேஸ் நிற்காது என்பதும் முழு உண்மை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கினவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிற்கவில்லை. இவ்வளவுதான்: நீங்கள் வேலை செய்யப்போகிற நீளத்துக்கு ஹோஸ் போட்டு, ஈரக் கார்பெட்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அவ்வளவு நீளத்துக்கு 2 இஞ்ச் அகல ஹோஸ் வேண்டும், ஒன்றரை இஞ்ச் ஹோஸ் காற்றைத் தின்றுவிடும். ப்ளோயர் எண்ணெயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றி ப்ளோயரைக் கையால் சுற்றிப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள். பொடி எழுத்தைப் படியுங்கள்.

மெஷின் செல்லூரில் பிரித்த மேனிக்குக் கிடக்கிறது. நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி மெஷினை இந்த மாதம் யாராவது வெளியூர்க் கிடங்கில் பார்த்துவிட்டு வந்திருந்தால், பணம் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். பில்லையும் மெக்கானிக் எடுத்த படங்களையும் அனுப்புகிறேன்.