பாலை மட்டும் விடுவதா, எல்லாவற்றையும் ஒரேயடியாகவா?

ஒருவர் கேட்கிறார்: சிங்கப்பூர்த் தேக்காவில் பரோட்டாவும் தேயும் (பால் தேநீர்) சாப்பிட்டு வந்தாலே எனக்கு வயிறு உப்பிவிடும். காரணம் பாலா, கோதுமையா?

பால், கோதுமை, வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினால் வயிறு சீக்கிரம் அடங்கலாம். ஆனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வாரக்கணக்காகும். உணவங்காடியில் சாப்பிடுபவர்களுக்கு இது பெரும்பாடு.

பாலை மட்டும் 2 வாரம் விடுவது எளிது. நான் இதைத்தான் சொல்வேன். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கலாம். தே சி வேண்டாம், அதில் ஆவியாக்கிய பால் சேர்கிறது. தயிரில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். இருந்தாலும் அந்த 2 வாரம் மோரைக்கூடத் தள்ளிவையுங்கள். பிறகு ஒரு குவளை பால் குடித்துப் பாருங்கள்.

ஆனால் கோதுமையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். அதற்கு முதலில் மருத்துவரிடம் போங்கள்.