‘சுயவிருப்பத்தின் பேரில்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

பாலக்கோடு தக்காளி மண்டியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு கூடைக்கான பணம்கூடக் கைமாற விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், மகளின் படிப்புக்காக மாதம் 4,500 ரூபாய் வீதம் ஒன்பது மாதங்களில் 40,500 ரூபாயை ஒரு ரசீதும் கேட்காமல் கொடுத்தேன். கடைசியில் அவளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் கடிதத்தையும் என் கையாலேயே எழுதித் தந்தேன். இதே போன்ற கடிதம் எழுதித் தந்த வேறு இரண்டு பெற்றோரைப் பின்னர் தருமபுரியில் சந்தித்ததால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

மகளுக்கு எட்டு வயது. அறிவுசார் குறைபாடு 50 விழுக்காடு என்று அரசு மருத்துவக் குழு சான்று அளித்திருக்கிறது. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அதை வாங்கித் தர ஒருவர் 2,000 ரூபாய் கேட்டார். அங்கே மட்டும் நான் ஏமாறவில்லை.) கணக்கு அவளுக்கு வராது, நீளமான வாக்கியத்தை வாசிக்கவும் வராது. ஆனால் அன்று வகுப்புக்கு யார் யார் வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்ததும் ஒரு பெயர் விடாமல் சொல்லிவிடுவாள்.

மூன்றாம் வகுப்பு தொடங்கிய வாரத்தில், அரசு அங்கீகாரம் பெற்ற அந்தத் தனியார் பள்ளியின் முதல்வர் எங்களை அழைத்து, குழந்தையுடன் சிறப்புக் கல்வி படித்த ஆசிரியை ஒருவர் தனியே அமர வேண்டும் என்றும், அவருக்கான ஊதியத்தைப் பெற்றோர்தான் தர வேண்டும் என்பதே விதி என்றும் கூறினார். எந்த விதி என்று நாங்கள் கேட்கவில்லை. பணத்தை அந்த ஆசிரியையிடமே ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். ஒன்பதாவது மாதம் என் மனைவி முன்னறிவிப்பின்றி மதிய வேளையில் பள்ளிக்குச் சென்றபோது, மகள் அலுவலக அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே வண்ணம் தீட்டிய படத்துக்கே மறுபடியும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பறையில் அவள் உட்கார்ந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஆசிரியையின் சான்றைக் கேட்டதற்கு, பயிற்சி முடிந்துவிட்டது, சான்றுதான் இன்னும் வரவில்லை என்றார்.

இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992-இன்படி, சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரிகிறவரின் பெயர் மைய மறுவாழ்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவருக்குப் பதிவு எண் உண்டு. அந்த எண்ணை முதல் நாளே கேட்டிருந்தால் 40,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். பணத்தைவிட, மகளின் ஒன்பது மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

நாங்கள் கேள்வி கேட்டதும் பேச்சு மாறியது. அடுத்த வகுப்புக்கு அவளை வைத்துக்கொள்ள இயலாது என்றும், பள்ளி நீக்கினால் அது பதிவேட்டில் ஏறிவிடும் என்றும் சொல்லி, “நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க சார், குழந்தை பேரு கெடாது” என்று வெள்ளைத் தாளை நீட்டினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ‘குழந்தையின் நலன் கருதி எங்கள் சுயவிருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த ஒரு வரியின் விலை, கல்வித் துறையின் வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர் சட்டத்தை விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலும் 16-ஆம் பிரிவுதான் (தற்செயலாக அமைந்த எண், ஆனால் நினைவில் வைக்க வசதியானது) அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது: பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளையும் தனிப்பட்ட ஆதரவையும் அளிப்பதும், அதன் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதும் அப்பிரிவின்படி பள்ளியின் கடமைகள். ஆகவே சட்டப்படி என் மகளைப் பள்ளி வெளியேற்றியிருக்க முடியாது. என் கடிதம்தான் அதற்கு வழி செய்து கொடுத்தது.

நான் கொடுத்த பணத்தையும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பேசாமல் விடவில்லை. பள்ளி அறிவித்த கட்டணம் தவிர வேறு எந்த வகையில் வசூலித்தாலும் அது நன்கொடைக் கட்டணமாகும். 13-ஆம் பிரிவின்படி, வசூலித்த தொகையின் பத்து மடங்குவரை அபராதம் விதிக்கலாம். ஆசிரியையின் கையில் ரொக்கமாகத் தரச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டியில் நேற்றுச் சேர்ந்த பையன்கூடக் கேட்டிருப்பான், ரசீது எங்கே என்று.

தருமபுரியில் சந்தித்த பெற்றோரில் ஒருவரிடம், வீட்டுவழிக் கல்விக்குச் சம்மதிப்பதாக எழுதி வாங்கியிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை, பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையாகத்தான் தந்திருக்கிறது. இடம் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகப் பள்ளி அதை நம் தலையில் கட்ட முடியாது.

தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் மனு அளித்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்பியிருக்கிறேன். விசாரணையின்போது சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. பள்ளி அனுப்பிய பதில் இரண்டே வரிகள். அதனுடன் என் கடிதத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. என்னிடம் ரசீது இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மகள் இப்போது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில், வகுப்பறைக்குள் அமர்ந்து படிக்கிறாள். வகுப்புக்கு வராதவர்களின் பெயர்ப் பட்டியல் மறுபடியும் வீட்டுக்கு வரத் தொடங்கியிருக்கிறது.

உங்களிடம் இப்படித் தாளை நீட்டினால், வெளியேறச் சொல்லும் காரணத்தைப் பள்ளியின் கடிதத்தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதுவரை பேனாவை எடுக்காதீர்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், வற்புறுத்தலால் எழுதியது என்பதையும், யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பதையும் குறிப்பிட்டு, கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக உடனே எழுதி, நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இட மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நான் அதைச் செய்வதற்குள் ஐந்து வாரங்கள் கடந்துவிட்டன. அத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்பதுதான் கல்வி அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.