சமைக்காத உணவில் 26 மாதங்கள்: மனம் இளகியதும் நிலைகொள்ளாமல் போனதும்

நான் 26 மாதங்கள் சமைக்காத தாவர உணவை மட்டுமே உண்டு வாழ்ந்தேன். அதன்பின் கடந்த 14 மாதங்களாகச் சமைத்ததையும் சமைக்காததையும் கலந்து உண்டு வருகிறேன். எடை குறைந்ததா, தோல் பளபளத்ததா, செரிமானம் சீரானதா என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நான் எழுத விரும்புவது, அந்த மாதங்களில் என் மனம் என்னவாக இருந்தது என்பதைப் பற்றி. சமைக்காத உணவுக்கு மாறியவர்கள் அடிக்கடி இரண்டு அனுபவங்களைச் சொல்வார்கள்: உள்ளம் மிக மெல்லியதாகி எதற்கும் கசிகிறது என்பது ஒன்று, கால் தரையில் ஊன்றாமல் மிதப்பது போன்ற நிலைகொள்ளாமை ஏற்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு நேர்ந்தன. முதலாவதை வரமாகவும், இரண்டாவதை அந்த வரத்தோடு ஒட்டிவந்த சிறு தொல்லையாகவும் நான் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை மிகவும் தாமதமாகவே அறிந்தேன்.

நான் கடைப்பிடித்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த உணவுமுறையைப் பின்பற்றுவோர் பொதுவாக 40 முதல் 48 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிய எதையும் உண்பதில்லை. நான் சூடாக்குவதையே விட்டுவிட்டேன். காலையில் பழங்கள், நண்பகலில் கீரையும் காய்களும் முளைகட்டிய பயறும், மாலையில் மீண்டும் பழமும் ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்புகளும் என்று நாள் கழிந்தது. அதற்குமுன் பத்தாண்டுகளாக மரக்கறி உணவுதான் என்றாலும் பாலும் தயிரும் அதில் இருந்தன, அவற்றையும் விட்டேன். அதே நாளில் காப்பி, சர்க்கரை, உப்பு மூன்றையும் நிறுத்தினேன். இந்த விவரம் முக்கியமானது. ஏனெனில் ஒரே நாளில் ஐந்தாறு மாற்றங்களைச் செய்துவிட்டு, பின்னர் நேர்ந்த அனைத்தையும் ‘சமைக்காத உணவின் விளைவு’ என்று ஒரே கணக்கில் எழுதிவைத்ததுதான் என் முதல் பிழை.

முதல் வாரத்துத் தலைவலியே அதற்குச் சான்று. உடலிலுள்ள நச்சு வெளியேறுகிறது என்று எனக்கு விளக்கம் சொல்லப்பட்டது, நானும் நம்பினேன். நாள்தோறும் காப்பி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலியும் எரிச்சலும் உச்சத்துக்குப் போய், சில நாட்களில் அடங்கிவிடும். எனக்கு நேர்ந்தது அச்சு அசலாக அதுவே.

மூன்றாம் வாரத்திலிருந்து ஓர் உண்மையான நலம் தொடங்கியது. அதை மறைக்க மாட்டேன். நண்பகல் உணவுக்குப்பின் கண்ணை இழுத்துச் செல்லும் தூக்கம் போயிற்று. விடியலில் எழும்போது தலை தெளிந்த நீர்போல இருந்தது. பழங்களையும் காய்களையும் நிறைய உண்பதற்கும் மனநலத்துக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் கற்பனையன்று. நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 422 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வொன்றில், பதப்படுத்திய காய்கனிகளைவிடச் சமைக்காத காய்கனிகளை அதிகம் உண்டவர்களிடம் நல்ல மனநிலை கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் அவர்கள் சமைக்காத உணவை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்கள் அல்லர்; வழக்கமான உணவோடு அவற்றையும் நிறைய உண்டவர்கள். மேலும் அந்த ஆய்வு காட்டியது தொடர்பைத்தான், காரணத்தை அன்று. இந்த வேறுபாட்டை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

நான்காம் மாதத்தில் மனம் இளகத் தொடங்கியது. பேருந்தில் யாருடைய குழந்தையோ அழுதால் என் தொண்டை அடைத்தது. உடன் வேலை செய்பவர் சற்றே குரலை உயர்த்திப் பேசினால், அந்தச் சொற்கள் இரவுவரை என்னைவிட்டு அகலவில்லை. ஒரு வீணை ஒலி, மழைக்கு முந்திய மண்வாசனை, முதியவர் ஒருவர் சாலையைக் கடக்கத் தயங்கி நிற்கும் காட்சி என எதுவும் கண்ணீரை வரவழைத்தது. அது துயரமாகத் தோன்றவில்லை. மாறாக, இதுநாள்வரை ஏதோ ஒரு திரைக்குப் பின்னால் வாழ்ந்ததுபோலவும் இப்போதுதான் திரை விலகியதுபோலவும் இருந்தது. இதே வழியில் இருந்த மூத்தவர்கள், சமைத்த உணவின் பாரம் உணர்வுகளை அமுக்கி வைத்திருந்தது என்றும், பாரம் நீங்கியதும் அவை மேலே எழுகின்றன என்றும் சொன்னார்கள். அந்த விளக்கம் என் அனுபவத்தோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால், அதற்கு வேறு விளக்கம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

நிலைகொள்ளாமை சில வாரங்கள் கழித்து வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் தரை ஒரு கணம் கீழே போய்த் திரும்பி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் பாதியில் சொல் நழுவிற்று. எந்தச் சிறு முடிவையும் எடுக்க முடியாமல் தவித்தேன். ஒரு வேலையைத் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவி, மாலையில் எதையும் முடிக்காமல் அமர்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வேன். கைகளும் பாதங்களும் எந்நேரமும் சில்லிட்டிருந்தன. இரவுகளில் சமையல் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்தேன்; அவற்றில் ஒன்றையும் சமைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என்னோடு வசிக்கும் தங்கை ஒருநாள், “அக்கா, முன்பெல்லாம் உன்னிடம் என் கவலையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும்; இப்போது உன்னை ஆறுதல்படுத்துவதே என் வேலையாகிவிடுகிறது” என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் அந்த வலியையும் என் நுண்ணுணர்வின் இன்னொரு சான்றாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதத்தில் என் எடை 58 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு இறங்கியிருந்தது. 162 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 18.3 என்ற உடல் நிறை குறியீடு, 18.5க்குக் கீழே போனால் எடைக்குறைவு என்று கணக்கு. அப்போதுதான் முதன்முறையாக நான் உண்பதை எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ காயும் கீரையும் சேர்ந்தால் சுமார் 250 கலோரி. ஒரு கிலோ பழம் சுமார் 600. முளைப்பயறும் கொட்டைகளும் சேர்ந்து சுமார் 400. வயிறு நாள் முழுவதும் நிறைந்தே இருந்தது. ஆனால் கணக்கு 1,250ஐத் தாண்டவில்லை. சமைக்காத உணவில் பருமன் அதிகம், ஆற்றல் குறைவு. வேகவைக்கும்போது மாவுச்சத்து நெகிழ்ந்து எளிதில் செரிக்கிறது. வேகாத மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கிறது. ஆகவே தட்டில் கண்ட கணக்கைவிடவும் குறைவாகவே உடலுக்குச் சேர்ந்திருக்கும்.

அந்த நாட்களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தேன். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள், தாமாக முன்வந்து, ஆறு மாத காலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது, எழுந்து நின்றால் தலைசுற்றியது, கவனம் சிதறியது, காரணமின்றி எரிச்சலும் சோர்வும் வந்தன, மனநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. அவர்களில் சிலர் சமையற்குறிப்பு நூல்களை மணிக்கணக்கில் படித்தார்களாம். அந்த வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அசையாமல் இருந்தேன். ஏனெனில் அவர்கள் உண்டது ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிழங்கு வகைகளுமாகிய சமைத்த உணவு. சமைத்த உணவு உணர்வுகளை அமுக்குகிறது என்பது உண்மையானால், அவர்களுக்கு இப்படி நேர்ந்திருக்கக் கூடாது. எங்கள் இரு தரப்பாருக்கும் பொதுவாக இருந்தது பற்றாக்குறை ஒன்றுதான்.

இருந்தாலும் என் நம்பிக்கை உடனே தளரவில்லை. ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்க்க முடிவு செய்தேன். மனம் பொங்கும்போதெல்லாம் நேரத்தையும், கடைசியாக உண்டது எப்போது என்பதையும், நெஞ்சில் இருப்பது என்ன என்பதையும் எழுதுவேன். பிறகு இரண்டு வாழைப்பழங்களையும் ஒரு கைப்பிடி பருப்புகளையும் உண்டு, முக்கால் மணி நேரம் கழித்து மீண்டும் எழுதுவேன். ஆறு வாரக் குறிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை உண்டபின் இருந்த இடம் தெரியாமல் கலைந்திருந்தன. இரத்தச் சர்க்கரை இறங்கும்போது உடல் அட்ரினலினைச் சுரந்து அதை ஈடுகட்ட முயல்கிறது. படபடப்பும் நடுக்கமும் காரணமற்ற அச்சமும் அதனால் எழுகின்றன. உடலின் அந்த அலறலுக்கு மனம் தன்னிடமுள்ள கதைகளில் ஒன்றை எடுத்துப் பொருத்திவிடுகிறது. ஆனால் எல்லாக் குறிப்புகளும் கலையவில்லை. நோயுற்ற நண்பரைப் பார்த்துவிட்டு வந்த நாளின் கலக்கம், உண்டபின்னும் அப்படியே இருந்தது; இருந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு அவருக்கு ஆகவேண்டியதை யோசிக்க முடிந்தது.

அந்தக் குறிப்பேட்டுக்குப் பிறகும் நான் சமைக்கத் தொடங்கவில்லை. அதற்குப் பதிலாகப் பழத்தையும் பருப்பையும் கூட்டினேன். எடை சற்று ஏறியது, படபடப்பு குறைந்தது. மாதவிலக்கு மட்டும் தள்ளிப்போய், பின்னர் நான்கு மாதங்கள் வரவே இல்லை. அதையும் ‘உடல் தூய்மையடைவதன் அடையாளம்’ என்று சொன்னவர்கள் உண்டு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெடுங்காலம் சமைக்காத உணவு உண்டு வந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் திரட்டி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. ஆற்றல் போதாதபோது உடல் முதலில் ஒத்திவைப்பது இனப்பெருக்கத்தை. அது தூய்மையன்று, சிக்கனம்.

பிறகு கால்விரல்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு தொடங்கியது. 26ஆம் மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 148 பிகோகிராமும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 நானோகிராமும் இருந்தன, இரண்டும் தாழ்வு. இரத்த அழுத்தம் 92/58. தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியில் உள்ளதன் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை வெளியே தெரிவதற்குத் தாமதமாகிறது. கீரைகளில் ஏராளமாக உள்ள ஃபோலேட் என்னும் பி வைட்டமின் இரத்தசோகையை மறைத்துவிடுவதால், என் இரத்த அணுக்களின் எண்ணிக்கை மட்டும் நன்றாகவே இருந்தது. பி12 குறைந்தால் எரிச்சலும் மனச்சோர்வும் மறதியும் வரக்கூடும். அதோடு, தண்டுவடத்தின் பின்புறம் செல்லும் நரம்புப் பாதையும் பழுதுபடலாம். நம் கால் எங்கே இருக்கிறது, எப்படித் தரையில் ஊன்றியிருக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது அந்தப் பாதைதான். ‘கால் தரையில் பாவவில்லை’ என்று இத்தனை மாதங்கள் நான் உவமையாகச் சொல்லி வந்தது, என் உடலைப் பொறுத்தவரை உவமையே அன்று. உப்பை முற்றிலும் விட்டதும், உண்ணாக் குறையும், தாழ்ந்த இரத்த அழுத்தமும் அந்த மிதப்புக்குத் தம் பங்கைச் சேர்த்திருந்தன.

மருத்துவர் பி12 ஊசியும் இரும்புச்சத்தும் தொடங்கினார். நண்பகல் உணவை நான் மாற்றிக்கொண்டேன்: வேகவைத்த தானியம், பருப்பு, கிழங்கு, அளவான உப்பு. முதல் நாள் அந்தச் சூடான கிண்ணத்தைக் கையில் ஏந்தியபோது குற்றம் செய்வதுபோல நெஞ்சு குறுகுறுத்தது. இவ்வளவு ஆழமாக அந்த நெறி எனக்குள் இறங்கியிருந்ததைக் கண்டு அஞ்சினேன். உண்ட அரை மணி நேரத்தில் பாதங்கள் கதகதப்பாயின. ஐந்தாம் இரவு இடையில் விழிக்காமல் உறங்கினேன். சித்த, ஆயுர்வேத மரபுகள் குளிர்ந்ததும் உலர்ந்ததும் வாதத்தைக் கூட்டும் என்றும், வாதம் மிகுந்தால் மனம் அலையும் என்றும் சொல்வதை நான் முன்பு பழைய நம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தேன். அதன் கோட்பாட்டை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அது விவரிக்கும் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பெரிதும் அஞ்சியது, மீண்டும் சமைத்த உணவுக்கு வந்தால் மனம் தடித்துவிடுமோ என்பதற்கு. அப்படி ஆகவில்லை. வீணை ஒலி இன்றும் என்னைத் தொடுகிறது. தங்கையின் கவலை இன்றும் என் கவலையாகிறது. மாறியது வேறு: கேட்டுக்கொண்டே இருக்க முடிகிறது, அவள் சொல்லி முடிக்கும்வரை நான் அழுதுவிடுவதில்லை. அந்த மாதங்களில் எனக்குக் கூடியது உணர்திறன் என்று எண்ணினேன்; உண்மையில் குறைந்தது தாங்குதிறன். வெளியிலிருந்து வரும் அலை அதே அளவுதான், கரைதான் தாழ்ந்திருந்தது. இதை நான் எல்லோருக்குமான முடிவாகச் சொல்லவில்லை. போதிய ஆற்றலும் பி12 மாத்திரையுமாக இதே முறையில் நிதானமாக வாழ்பவர்களை நான் அறிவேன்; அவர்கள் என்னைவிடக் கணக்காக உண்கிறார்கள், கொட்டைகளும் விதைகளும் அவர்கள் தட்டில் தாராளமாக இருக்கின்றன.

இழந்தவையும் சில உண்டு. சுவையின் கூர்மை சற்று மழுங்கிவிட்டது. அன்று ஒரு தக்காளியில் கண்ட இனிப்பு இன்று கிடைப்பதில்லை. விடியலின் அந்தத் தெளிவும் முழுமையாகத் திரும்பவில்லை. அதில் எவ்வளவு நல்ல உணவால் வந்தது, எவ்வளவு பசியின் விழிப்பால் வந்தது என்பதை என்னால் இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த முறையில் இருப்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: மனம் கரையும்போது அதற்குப் பொருள் தேடுமுன், கடைசியாக எப்போது உண்டீர்கள் என்று பாருங்கள், மாதவிலக்கு தள்ளிப்போனாலோ விரல்கள் மதமதத்தாலோ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முளைப்பயறு உண்பவர்கள் அதன் தூய்மையிலும் கவனமாக இருக்க வேண்டும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ.கோலை என்னும் நுண்ணுயிரித் தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்போது என் காலை உணவு பழங்கள்தான். மாலையிலும் பெரும்பாலும் சமைக்காததையே உண்கிறேன். நண்பகல் மட்டும் அடுப்பு எரிகிறது. எடை 55 கிலோவில் நிற்கிறது. மாதவிலக்கு மூன்றாம் மாதத்தில் திரும்பியது. விரல்களின் குறுகுறுப்பு அடங்க ஏழு மாதங்கள் ஆயின. இடது காலின் சுண்டுவிரலில் மட்டும் மதமதப்பு இன்னும் மிச்சமிருக்கிறது.