காத்மாண்டு டிரிப்: ஏப்ரலா, தீபாவளி கழிச்சா?

வீட்ல ரெண்டு வாரமா இதே பஞ்சாயத்துதான். ஏப்ரல்னா பசங்களுக்கு லீவு, இங்க கடலூர்ல வெயில் மண்டைய பொளக்கும்போது அங்க அவ்ளோ சூடு இருக்காது, கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா அந்த ஊரு 1,400 மீட்டர் உயரத்துல இருந்தாலும் சுத்தி மலை, நடுவுல கிண்ணம் மாதிரி பள்ளத்தாக்கு, வண்டிப்புகை செங்கல்சூளைப் புகை எல்லாம் வெளிய போக வழியில்லாம அங்கயே சுத்திட்டு நிக்கும், மார்ச் ஏப்ரல்ல காட்டுத்தீ புகை வேற சேந்துக்கும். நமக்கு மதியமானா கடல்காத்து வந்து கலைச்சு விடும், அங்க கடலுக்கு எங்க போறது?

தீபாவளி கழிச்சுன்னா ஜூன்லேந்து செப்டம்பர் வரைக்கும் பெஞ்ச மழை காத்த கழுவி வெச்சிருக்கும், பனிமலை தெளிவா தெரிய வாய்ப்பு அதிகம், காலைல ஸ்வெட்டர் போட்டா போதும். ஜனவரிக்கு மட்டும் தள்ளிடாதீங்க, குளிர்ந்த காத்து கீழ தங்கி சூடான காத்து மேல மூடி போட்டுக்கும், புகை அப்படியே நிக்கும்.

ஒரே சிக்கல், நவம்பர்ல நமக்கு புயல் சீசன், 2011-ல வந்த 'தானே' புயல பாத்தவங்க வீட்டைப் பூட்டிட்டு போக யோசிப்பாங்க. இருந்தாலும் அத்தைக்கு வீசிங் இருக்கு, அதனால என் ஓட்டு நவம்பருக்குத்தான், மொட்டைமாடி குழாய அடைப்பெடுத்துட்டு கிளம்பிடலாம்.