400ஆ, 800ஆ: ஆட்களைப் படமெடுக்க எந்த கலர் ஃபிலிம்?

இரவில், வீட்டு விளக்கு வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைப் படமெடுக்கிறீர்கள். அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/2. ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் வேகம், 400 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/30 நொடி கிடைக்கும். 800 என்றால் 1/60. பழகிய கைக்கு 1/30 போதும், கேமரா ஆடாது. ஆனால் எதிரில் இருப்பவர் கையை வீசிப் பேசுவார், சிரித்துக்கொண்டே தலையைத் திருப்புவார். அவர் ஆடுவதை நம் கை தடுக்க முடியாதே. இந்த ஒரு ஸ்டாப்புக்குத்தான் (வெளிச்சம் இரட்டிப்பானாலோ பாதியானாலோ ஒரு ஸ்டாப்) இவ்வளவு யோசனையும்.

கோடாக் போர்ட்ரா 400தான் என் பையில் அதிகம் இருப்பது. முன்பு என்சி (அடங்கிய நிறம்), விசி (தூக்கலான நிறம்) என்று இரண்டாக வந்ததை 2010இல் ஒன்றாக்கினார்கள். தோல் நிறம் உறுத்தாது, கிரெய்ன் (படத்தில் தெரியும் புள்ளி) பொடி. இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடிப்போனாலும் நெகட்டிவ் தாங்கும். குறைந்தால்தான் வம்பு: ஒரு ஸ்டாப் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் நிழல் கலங்கிவிடும்.

‘புஷ் பண்ணிக்கலாம்’ என்பார்கள். நானும் அப்படி நம்பி, மங்கிய அறையில் 400 ரோல் ஒன்றை முழுக்க 1600 என்று வைத்து எடுத்தேன். கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில், 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி என்பது டெவலப்பரின் வழக்கமான நேரம். புஷ் என்றால் அதை நீட்டுவது. நேரத்தை நீட்டினால் வெளிச்சம் விழுந்த இடம் இன்னும் அடர்த்தியாகும், கான்ட்ராஸ்ட் ஏறும். நிழலில் பதியாதது பதியாததுதான். கண்குழி எல்லாம் சேறு மாதிரி வந்தது.

அந்த அறைக்குப் போர்ட்ரா 800 போட்டிருக்க வேண்டும். கிரெய்ன் கொஞ்சம் தடிப்பு, ஆனால் முகத்தில் அது கெடுதலாகத் தெரிவதில்லை. வெயிலில் மட்டும் தொல்லை. 1/1000 வரைதான் ஷட்டர் என்றால், அளவாக எடுக்க எஃப்/16 என்ற சிறு திறப்புக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

சினிஸ்டில் 800டி வேறு ரகம். கோடாக்கின் 500டி சினிமா ஃபிலிமிலிருந்து பின்பக்கக் கருப்புப் பூச்சை நீக்கியது. அந்தப் பூச்சு இல்லாததால்தான் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது. குண்டு பல்பு வெளிச்சத்துக்கு, அதாவது 3200 கெல்வினுக்குச் செய்தது, பகலில் நீலமடிக்கும். ஆரஞ்சு நிற 85பி ஃபில்டர் போட்டால் சரியாகும், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் அளவுக்கு வேகம் போய்விடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவர் கண் ஆளை விட்டு வளையத்துக்குப் போகிறது. ஆட்களைப் பற்றிய தொடருக்கு இதை நான் எடுப்பதில்லை.

அல்ட்ராமேக்ஸ் 400 பழகிக்கொள்ள நல்லது. நிறம் தூக்கல், 35 மிமீயில் மட்டும்.

சரி, இப்போது செய்வது இதுதான்: பகலுக்கு 400, வெளிச்சம் கூடுதலாக விழ மீட்டரில் 200 என்று வைத்து. விளக்குப் போட்டதும் 800, மீட்டரில் 640. பாதி ரோலில் இருட்டிவிட்டால் மிச்சத்தைச் சுற்றி எடுத்துவிடுகிறேன்.