ஏரோ பாரில் வலியில்லாமல் ஓட்ட: மதுரைச் சாலைகளில் டிரையத்லான் சைக்கிள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கான சைக்கிளில் எவ்வளவு தாழக் குனிகிறோம் என்பதைவிட, குனிந்தபடியே எவ்வளவு நேரம் மிதிக்க முடிகிறது என்பதுதான் முக்கியம். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளப் போய்விடும். அந்தக் காற்றை மறிப்பதில் சைக்கிளைவிட நம் உடம்புக்கே பங்கு அதிகம். கழுத்து வலித்து அடிக்கடி நிமிர்ந்தால் குனிந்த பலன் இல்லை.

பலர் எடுத்த எடுப்பில், முழங்கைகளை ஊன்றிக் குனிந்து பிடிக்கும் கைப்பிடியான ஏரோ பாரை இறக்குகிறார்கள். முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள். ரோடு சைக்கிளில், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபின் கோணம் சுமார் 72–74 டிகிரி, இதில் 76–80. சீட் முன்னே வருவதால், குனிந்தாலும் தொடை வயிற்றை நெருக்காது. ஆனால் எடை சீட்டின் மூக்கில் விழுந்து மரத்துப்போகும். மூக்கு பிளந்த சீட்டும் 1–3 டிகிரி கீழ்ச்சாய்வும் பெரும்பாலும் போதும். மேலும் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கும், தோள்கள் முட்டுக்கொடுத்தே களைத்துப்போகும். தோள்வலி என்று, ஏரோ பாரில் முழங்கையைத் தாங்கும் பேடை மாற்றுகிறவர்கள் இந்தச் சாய்வை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பேட், முழங்கை மூட்டுக்குச் சற்று முன்னால் சதையில் படவேண்டும். பேடைத் தாழ்த்த, அதன் அடியிலுள்ள ஸ்பேசர் துண்டுகளை 5 மி.மீ. வீதம் எடுத்து, ஒவ்வோர் அளவிலும் ஒரு வாரமாவது ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கைப்பிடி நுனி 10–15 டிகிரி மேல்நோக்கினால் மணிக்கட்டு வளையாது, தலையும் கைகளுக்குப் பின்னே அடங்கும்.

அப்படியும் முழங்கால் வயிற்றில் இடித்தால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளத்தைக் குறையுங்கள். 172.5 மி.மீ.க்குப் பதில் 165 போட்டு, சீட்டை 7.5 மி.மீ. ஏற்றினால், மிதியின் உச்சியில் இடுப்புக்கும் பாதத்துக்கும் 15 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். பேடையும் அதே 7.5 ஏற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் குனிவு கூடிவிடும்.

சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் சுகமாக இருந்த நிலை அழகர்கோவில் சாலையில் அப்படியே ஒத்துவராது. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையையும் குறுக்கே வரும் ஆட்டையும் தலைதூக்கிப் பார்த்தாக வேண்டும். பிரேக்கோ ஏரோ பாரில் இல்லை. தலையைத் தூக்கினால் கழுத்து இழுக்கிறதா? தயங்காமல் பேடை 10 மி.மீ. ஏற்றுங்கள். ஆடிக் காற்றில், ரிம் எனும் விளிம்பு ஆழமான முன்சக்கரம் பக்கவாட்டில் இழுக்கும். அந்த மாதங்களுக்கு ஆழம் குறைந்த ரிம்தான் நல்லது.

இன்னொன்று, வியர்வை. குனிந்து ஓட்டும்போது அது நேராக, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் மேலேயே சொட்டி, போல்ட் தலையில் துருவேற்றி, ஆலன் கீ பிடிக்காமல் செய்துவிடும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போல்ட்டை முறுக்கும்போது பாகத்தில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் அது 5 நியூட்டன் மீட்டர்தான்.